ஒளிந்து விளையாடும் காய்ச்சல்!

அமெரிக்காவில் ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். ஆலிஸ் இவான்ஸ் என்பது அவர் பெயர். பாலில் உள்ள கிருமிகளை ஆராய்வது அவர் வேலை.

1922-ம் ஆண்டில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் வலி. களைப்பு. கொஞ்ச நாளில் குணமானது போல இருக்கும். "அப்பாடா!" என்று எழுந்து உட்கார்ந்தால், மறுபடியும் படுக்கையில் தள்ளிவிடும்.

டாக்டர்கள் பார்த்தார்கள். நோய்க்கு ஆதாரம் கையில் சிக்கவில்லை. "இது நரம்புத் தளர்ச்சி" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதாவது, உடம்பில் நோய் இல்லை, எல்லாம் மனக் கோளாறு என்று பொருள்!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவரைப் பிடித்திருந்த நோயைப் பற்றி அவரை விட நன்றாக அறிந்தவர்கள், அந்த நாளில் உலகிலேயே ஒரு சிலர்தான் இருந்தார்கள். ஆராய்ச்சி செய்த கிருமியே ஆராய்ந்தவரைப் பிடித்துக்கொண்டது!

அந்த நோயின் பெயர், புருசெல்லோசிஸ்.

வேஷம் போடும் கிருமி

இது ஆடு, மாடு, பன்றி, ஒட்டகம் முதலிய பிராணிகளிடம் இருந்து மனிதனுக்கு வரும் நோய். சினைப்பட்ட பசு, நாள் நிறையுமுன் கன்றை வீசிவிடுகிறது அல்லவா? அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இந்தக் கிருமி. அதனால் மாட்டுக்கு வரும்போது இதைக் "கன்று வீச்சு நோய்" என்பார்கள்.

காய்ச்சாத பாலைக் குடித்தால் இது மனிதனுக்கு வரும். காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக் கட்டி மூலமும் வரும். கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுத்தால், கையில் உள்ள சிறு காயம் வழியாகவும் கிருமி உள்ளே புகுந்துவிடும்.

புகுந்தபின் என்ன செய்யும்?

காய்ச்சல் வரும். போகும். மறுபடியும் வரும். கடல் அலை போல ஏறி இறங்குவதால் "அலைக் காய்ச்சல்" என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. இரவில் வியர்த்துக் கொட்டும். இடுப்பும் முதுகும் மூட்டுகளும் வலிக்கும். சோறு பிடிக்காது. வேலை ஓடாது.

இதே தொந்தரவுகள் டைபாய்டிலும் உண்டு. மலேரியாவிலும் உண்டு. காச நோயிலும் உண்டு. மூட்டு வாதத்திலும் உண்டு. ஆகவே நோயாளியைத் தொட்டுப் பார்த்து மட்டும் "இதுதான்" என்று சொல்லிவிட முடியாது. சோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும்.

சோதனைக் கூடத்தில் ஒரு வழி அல்ல. பல வழிகள் இருக்கின்றன. ஒன்று சொல்வதை மற்றொன்று மறுப்பதும் உண்டு! எதை நம்புவது?

அதைத் தெரிந்துகொள்ள, அந்தச் சோதனைகள் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

மால்டாத் தீவு

மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே பெரிய ராணுவத் தளம் இருந்தது.

சிப்பாய்கள் வந்து இறங்குவார்கள். கொஞ்ச நாளில் காய்ச்சலில் படுப்பார்கள். மாதக் கணக்கில் எழுந்திருக்க மாட்டார்கள். சிலர் இறந்தும் போவார்கள். காரணம் தெரியாததால் "மால்டாக் காய்ச்சல்" என்று பெயர் மட்டும் வைத்திருந்தார்கள்.

1884-ம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் அங்கே வந்தார். அவருடைய மனைவி மேரியும் சோதனைக் கூடத்தில் அவருக்குத் துணை நின்றார்.

காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலைப் புரூஸ் சோதித்தார். பூதக் கண்ணாடியில் மிக நுண்ணிய கிருமிகள் தெரிந்தன. அந்த மண்ணீரலில் இருந்து துளி எடுத்து, கிருமிக்குத் தீனியாகும் கூழில் வைத்து வளர்த்தார். கிருமி வளர்ந்தது. அதைக் குரங்குக்குச் செலுத்தினார். குரங்குக்கும் காய்ச்சல் வந்தது!

1887-ம் ஆண்டில் இந்தச் செய்தியைப் புரூஸ் வெளியிட்டார். பின்னாளில் அவர் பெயரை வைத்துத்தான் அந்தக் கிருமிக்குப் "புருசெல்லா" என்று பெயர் சூட்டினார்கள்.

முதல் வழி: கிருமியை வளர்ப்பது

புரூஸ் காட்டிய வழியே முதல் வழி. இன்றைக்கும் அதுதான் மிக உறுதியான சாட்சி.

இன்று மண்ணீரல் தேவை இல்லை. நோயாளியின் கையில் இருந்து ரத்தம் எடுக்கிறார்கள். கிருமிக்குப் பிடித்த சத்து நீர் நிறைந்த பாட்டிலில் அதை விடுகிறார்கள். உடம்புச் சூட்டிலே, அதாவது 37 டிகிரியில், வைத்துக் காத்திருக்கிறார்கள்.

கிருமி வளர்ந்தால் தீர்ந்தது விஷயம். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி! அதன் பிறகு மறு பேச்சு இல்லை.

ஆனால் இதில் 3 கஷ்டங்கள் உண்டு.

முதல் கஷ்டம், இது மிக மெதுவாக வளரும் கிருமி. பழைய முறையில் 4 வாரம், சில சமயம் 6 வாரம் கூடக் காத்திருக்க வேண்டும். இப்போது கிருமி மூச்சு விடுவதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது கஷ்டம், எல்லோரிடமும் அது அகப்படுவதில்லை. நோய் புதிதாக இருந்தால், காய்ச்சல் அடிக்கும்போது ரத்தத்தில் கிருமி ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பிடிப்பது எளிது. நாளாகிவிட்டால் கிருமி எலும்பு மஜ்ஜையிலும், மண்ணீரலிலும், மூட்டிலும் போய்ப் பதுங்கிவிடும். ரத்தத்தில் தேடினால் இராது! அந்த நிலையில் எலும்பு மஜ்ஜையை எடுத்து வளர்த்தால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் எலும்பைத் துளைத்து எடுப்பது வலி தரும் காரியம்.

வீட்டிலேயே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் பிறகு ரத்தம் கொடுத்தாலும், கிருமி வளராமல் போய்விடலாம்.

மூன்றாவது கஷ்டம், ஆபத்து! சோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்களை அதிகம் பிடிக்கும் கிருமிகளில் இது முன் வரிசையில் நிற்கிறது. வளர்ந்த கிருமியின் மூடியைத் திறந்து முகர்ந்தாலே போதும், மூச்சு வழியாக உள்ளே போய்விடும். ஆலிஸ் இவான்சுக்கும் சோதனைக் கூடத்தில் வேலை செய்தபோதுதான் தொற்றியது.

ஆகவே இந்தக் கிருமியை வளர்க்கத் தனி அறையும், தனிக் காற்றுப் பாதுகாப்பும் வேண்டும். "புருசெல்லா என்று சந்தேகம்" என்பதை டாக்டர் முன்கூட்டியே சோதனைக் கூடத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் வழி: பால் திரிவது போல!

புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அதை இறந்தவர் உடலில் அல்லவா கண்டுபிடித்தார்? படுக்கையில் கிடந்து முனகுகிறவனுக்கு என்ன நோய் என்று எளிதில் எப்படிச் சொல்வது?

அதற்கு வழி கண்டவர் ஆல்ம்ராத் ரைட். இங்கிலாந்தில் நெட்லி என்ற ஊரில் ராணுவ மருத்துவப் பள்ளி இருந்தது. அவர் அங்கே ஆசிரியர். 1897-ம் ஆண்டில், ஸ்மித் என்ற மற்றொரு டாக்டருடன் சேர்ந்து அவர் ஒரு சோதனையை வெளியிட்டார்.

அதன் ரகசியம் இதுதான்.

ஒரு கிருமி உடம்பில் புகுந்தால், உடம்பு சும்மா இருப்பதில்லை. அந்தக் கிருமியை எதிர்க்க ஒரு பொருளைத் தயாரிக்கிறது. அதற்கு "எதிர்ப்புப் பொருள்" என்று பெயர். எதிரியின் கையில் மாட்டும் விலங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து வைத்தால் சிறிது நேரத்தில் உறைந்துவிடும். மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அதுதான் சீரம். எதிர்ப்புப் பொருள் அந்தச் சீரத்தில்தான் இருக்கிறது.

கொன்று போட்ட புருசெல்லாக் கிருமிகளைக் கலந்த நீர் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பார்க்க அரிசி கழுவிய நீர் போலக் கலங்கலாக இருக்கும். அதில் நோயாளியின் சீரத்தைக் கலக்கிறார்கள். ஒரு நாள் 37 டிகிரிச் சூட்டில் வைக்கிறார்கள்.

சீரத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் என்ன ஆகும்? அது கிருமிகளை ஒன்றோடு ஒன்று பிணைத்துவிடும். பால் திரிவது போல, கிருமிகள் திட்டுத் திட்டாகச் சேர்ந்து அடியில் படியும். மேலே நீர் தெளிந்து நிற்கும். எதிர்ப்புப் பொருள் இல்லாவிட்டால் கலங்கல் அப்படியே இருக்கும்.

டைபாய்டுக்கு "வைடல் சோதனை" என்று ரத்தம் எடுக்கிறார்களே, அதுவும் இதே தத்துவம்தான். அது 1896-ம் ஆண்டில் வந்தது. அடுத்த ஆண்டே ரைட்டின் சோதனை வந்துவிட்டது.

ஆடு செய்த மாயம்

மால்டாவில் இன்னொரு மர்மம் மிச்சம் இருந்தது. கிருமி எங்கிருந்து வருகிறது?

கொசுவா? தூசியா? சாக்கடையா? யாருக்கும் தெரியவில்லை. 1904-ம் ஆண்டில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். புரூஸ் அதற்குத் தலைவர். அந்தக் குழுவில் மால்டாக்காரரான தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் என்ற டாக்டரும் இருந்தார்.

1905-ம் ஆண்டு ஜூன் மாதம், சம்மிட் சில ஆடுகளை வாங்கினார். ஆட்டுக்கு இந்தக் கிருமியைச் செலுத்தினால் நோய் வருகிறதா என்று பார்ப்பது அவர் எண்ணம். ஊசி போடுமுன், எதற்கும் இருக்கட்டும் என்று ரைட்டின் முறைப்படி ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார்.

திகைத்துப் போனார்! 6 ஆடுகளில் 5 ஆடுகளின் ரத்தத்தில் கிருமிகள் திரிந்துவிட்டன. அதாவது, அந்த ஆடுகளுக்குள் கிருமி ஏற்கெனவே புகுந்திருந்தது!

ஆடுகளோ கொழுகொழு என்று இருந்தன. இரை எடுத்தன. பால் கறந்தன. நோய் என்று சொல்ல ஒரு குறியும் இல்லை.

பிறகு பாலைச் சோதித்தார்கள். பாலிலும் கிருமி இருந்தது.

மால்டாவில் அந்த நாளில் ஆட்டு மந்தையைத் தெருத் தெருவாக ஓட்டி வருவார்கள். வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். "கண் முன்னால் கறந்த பால், கலப்படம் இல்லாத பால்" என்று மக்கள் அப்படியே குடித்தார்கள். காய்ச்சலும் வீடு வீடாக வந்தது!

அதே ஆண்டில், அறுபதுக்கு மேற்பட்ட மால்டா ஆடுகளை "ஜோஷுவா நிக்கல்சன்" என்ற கப்பலில் ஏற்றினார்கள். அவை அமெரிக்காவுக்குப் போக வேண்டிய ஆடுகள். வழியில் மாலுமிகள் ஆசையாக ஆட்டுப் பால் குடித்தார்கள். பிறகு அவர்களில் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது.

1906-ம் ஆண்டில் ராணுவத்தில் ஆட்டுப் பாலை நிறுத்தினார்கள். டப்பாப் பால் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் படுத்துக்கொண்டிருந்த சிப்பாய்கள், அதன் பிறகு விரல் விட்டு எண்ணும் அளவில்தான் படுத்தார்கள். மருந்து இல்லை, மந்திரம் இல்லை. ஒரு சிறு சோதனை வழி காட்டியது, அவ்வளவுதான்!

160 என்றால் என்ன?

ரைட்டின் சோதனை இன்றும் நடக்கிறது. அதன் முடிவு "1-க்கு 160" என்பது போலக் காகிதத்தில் எழுதி வரும். அதற்கு என்ன அர்த்தம்?

மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்குவது போல, சீரத்தில் மருந்து நீர் விட்டுப் பெருக்குகிறார்கள். ஒரு பங்கு சீரம் 20 பங்கில் ஒன்றாக இருப்பது முதல் குழாய். அடுத்தது 40-ல் ஒன்று. பிறகு 80. பிறகு 160. பிறகு 320. இப்படி ஒவ்வொன்றும் இரட்டிப்பு.

எந்தக் குழாய் வரை கிருமி திரிகிறது என்று பார்க்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் விட்ட பிறகும் திரிகிறதோ, அவ்வளவு எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள்.

காய்ச்சல் உள்ள ஒருவருக்கு 160-லும் திரிந்தால், நோய் இருக்கலாம் என்று டாக்டர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள். ஆனால் மாடு கன்றோடு நாளும் பழகும் ஊர்களில், நோய் இல்லாதவர் ரத்தத்திலும் கொஞ்சம் எதிர்ப்புப் பொருள் இருக்கும். அங்கே 320 வந்தால்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை பார்த்துச் சந்தேகம் என்றால், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். அளவு 4 மடங்கு ஏறியிருந்தால், கிருமி இப்போதுதான் வேலை செய்கிறது என்று தெளிவாகிவிடும்.

ஏமாற்றும் இடங்கள்

இந்தச் சோதனையும் சில இடங்களில் ஏமாற்றிவிடும்.

நோய் கண்ட முதல் சில நாட்களில் எதிர்ப்புப் பொருள் போதிய அளவு உண்டாகி இராது. அப்போது சோதித்தால் "இல்லை" என்று வரும்.

எதிர்ப்புப் பொருள் மிக அதிகமாக இருந்தாலும் "இல்லை" என்று வருவது உண்டு! இது எப்படி? ஒவ்வொரு கிருமியையும் எதிர்ப்புப் பொருள் முழுக்க மூடிக்கொண்டுவிடும். பக்கத்துக் கிருமியோடு பிணைய இடமே இராது. ஆகவே திரியாது. இன்னும் தண்ணீர் விட்டுப் பெருக்கினால், அடுத்த குழாய்களில் திரிந்துவிடும். முதல் ஒன்றிரண்டு குழாயைப் பார்த்துவிட்டு நிறுத்தினால் மோசம் போக நேரும்.

வேறு கிருமிகளாலும் குழப்பம் வரும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் எர்சினியா என்ற கிருமியில் ஒரு வகை உண்டு. அதன் மேல் தோல், புருசெல்லாவின் மேல் தோலைப் போலவே இருக்கும். அந்தக் கிருமி வந்து போனவருக்கும் இந்தச் சோதனையில் "உண்டு" என்று வரலாம்.

நோய் குணமான பிறகும் எதிர்ப்புப் பொருள் மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில் ரத்தத்தில் தங்கிவிடும். ஆகவே "உண்டு" என்று வந்தால், அது இன்றைய நோயா, பழைய நோயின் தழும்பா என்று டாக்டர் யோசிக்க வேண்டும்.

நோய் நாள்பட்டுவிட்டால் இன்னொரு சிக்கல். அப்போது உண்டாகும் எதிர்ப்புப் பொருள்களில் சில, ஒற்றைக் கை உள்ளவை போல நடந்துகொள்ளும். ஒரு கிருமியைப் பிடிக்கும். இன்னொன்றைப் பிடித்துச் சேர்க்காது. கிருமி திரியாது. ஆனால் நோய் இருக்கும்!

இதற்கு மாற்று உண்டு. ராபின் கூம்ப்ஸ் என்ற இங்கிலாந்து விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 1945-ம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒற்றைக் கைகளை ஒன்றோடு ஒன்று கோக்கும் கொக்கி போல, இன்னொரு பொருளைச் சேர்ப்பது அந்த முறை. அதைச் சேர்த்ததும், திரியாமல் இருந்த குழாய் திரிந்துவிடும். நாள்பட்ட நோயாளிகளுக்கு இது பெரிய உதவி.

மூன்றாம் வழி: ரோஜா நிறச் சொட்டு

ஒரு நாள் காத்திருக்க முடியாத இடங்களும் உண்டு. குழாய்களும், சூட்டுப் பெட்டியும் இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரிகள் உண்டு. அவற்றுக்கு ஏற்றது "ரோஸ் பெங்கால்" சோதனை.

ரோஜா நிறச் சாயம் ஏற்றிய செத்த கிருமிகள் ஒரு சிறு பாட்டிலில் வரும். வெள்ளைத் தட்டில் அதில் ஒரு சொட்டு விட வேண்டும். பக்கத்தில் நோயாளியின் சீரம் ஒரு சொட்டு. இரண்டையும் கலந்து, தட்டை மெல்ல ஆட்ட வேண்டும். சில நிமிஷங்களில் ரோஜா நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் திரிந்தால், "உண்டு" என்று பொருள்.

செலவு குறைவு. சீக்கிரம் முடியும். நோய் உள்ளவர்களைப் பெரும்பாலும் தவற விடாது. ஆனால் சில சமயம் நோய் இல்லாதவரையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஆகவே இது வாசல் காவல்காரன் மாதிரி. சந்தேகப்பட்டவர்களை நிறுத்தி வைக்கும். குழாய்ச் சோதனை போன்ற இன்னொரு சோதனை செய்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மாடுகளைச் சோதிக்கவும் கால்நடை டாக்டர்கள் இதே சோதனையைச் செய்கிறார்கள்.

நான்காம் வழி: நிறம் மாறும் குழிகள்

"எலிசா" என்று ஒரு சோதனை உண்டு. சிறு சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் கிருமியின் பொருள் பூசியிருக்கும். சீரத்தை விட்டு, கழுவி, வேறு மருந்துகளைச் சேர்த்தால், எதிர்ப்புப் பொருள் உள்ள குழியில் மட்டும் நிறம் வரும்.

ஒரே சமயத்தில் பல பேருடைய ரத்தத்தைச் சோதிக்கலாம். சில மணி நேரத்தில் முடியும். நோயின் ஆரம்பத்தில் முதலில் வரும் எதிர்ப்புப் பொருள் வேறு. பிறகு வந்து நீண்ட நாள் தங்கும் எதிர்ப்புப் பொருள் வேறு. எலிசாவில் இரண்டையும் தனித் தனியாகப் பார்க்க முடியும்.

ஆனால் தட்டுகளைப் பல கம்பெனிகள் செய்கின்றன. எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. பழைய தழும்பா, புது நோயா என்ற குழப்பம் இதிலும் முழுக்கத் தீர்வதில்லை.

ஐந்தாம் வழி: கிருமியின் ஜாதகம்

2020-ம் ஆண்டில் கொரோனா பரவியபோது, "பி.சி.ஆர்." என்ற பெயர் மூலை முடுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அதே முறை புருசெல்லாவுக்கும் உண்டு.

ஒவ்வொரு உயிருக்கும் அதன் உயிரணுவுக்குள் ஒரு ஜாதகம் எழுதியிருக்கிறது. மரபுப் பொருள் என்பது அதுதான். ரத்தத்தில் கிருமியின் மரபுப் பொருள் ஒரு துளி இருந்தாலும், அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் கண்டுபிடிக்கிறது பி.சி.ஆர்.

ஒரே நாளில் விடை தெரியும். உயிருள்ள கிருமியை வளர்க்கும் ஆபத்தும் இல்லை. ஆனால் செலவு அதிகம். எல்லா ஊரிலும் கிடைக்காது. ஒவ்வொரு சோதனைக் கூடமும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. குணமானவர்கள் சிலரிடமும் கிருமியின் சுவடு நெடு நாள் தெரிவது உண்டு. அது உயிருள்ள கிருமியா, செத்த கிருமியின் மிச்சமா என்று பி.சி.ஆர். சொல்லாது.

எது சிறந்தது?

அப்படியானால், ஐந்தில் எது சிறந்தது?

கேள்வியே தவறு! ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

"கிருமி உயிரோடு இருக்கிறதா?" இதற்குப் பதில் சொல்வது, கிருமியை வளர்க்கும் முறை. "உண்டு" என்று அது சொன்னால் அசைக்க முடியாது. "இல்லை" என்று சொன்னால் முழுக்க நம்ப முடியாது.

"உடம்பு இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறதா?" இதற்குப் பதில் சொல்பவை ரோஸ் பெங்கால், குழாய்ச் சோதனை, கூம்ப்ஸ் சோதனை, எலிசா. ஆனால் எப்போது சந்தித்தது என்பதில் இவை தடுமாறும்.

"கிருமியின் சுவடு இருக்கிறதா?" இதற்குப் பதில் சொல்வது பி.சி.ஆர்.

ஆகவே கெட்டிக்கார டாக்டர் ஒரே சோதனையை நம்புவதில்லை. முதலில் ரோஸ் பெங்கால். "உண்டு" என்றால் குழாய்ச் சோதனை. கூடவே, மருந்து கொடுக்கத் தொடங்குமுன் கிருமி வளர்க்க ரத்தம். நாள்பட்ட நோய் என்றால் கூம்ப்ஸ் சோதனை அல்லது எலிசா. எல்லாவற்றையும் நோயாளியின் கதையோடு சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்.

சீனாவில் நடந்தது

ஒரு சோதனையின் முடிவை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்குச் சீனாவில் நடந்த ஒரு சம்பவம் உதாரணம்.

2019-ம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், லான்சோ நகரில் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் காலம் கடந்த கிருமி நாசினியைப் பயன்படுத்திவிட்டார்கள். கழிவுக் காற்றில் இருந்த புருசெல்லாக் கிருமிகள் சாகவில்லை. காற்றோடு ஊருக்குள் பரவின.

ஊர் மக்களை ஆயிரக்கணக்கில் சோதித்தார்கள். 2020-ம் ஆண்டு முடிவதற்குள், 10 ஆயிரம் பேருக்கு மேல் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பது தெரிந்தது.

பால் குடிக்காமலே, மாட்டைத் தொடாமலே, மூச்சுக் காற்றின் வழியாகவும் இது வரும் என்பதற்கு இது சாட்சி. எதிர்ப்புப் பொருள் உள்ள எல்லோரும் படுக்கையில் விழுந்தவர்கள் அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது. "கிருமி வந்து போயிற்று" என்பது வேறு. "நோய் இருக்கிறது" என்பது வேறு!

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

சோதனைகள் எத்தனை இருந்தால் என்ன? டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்தானே சோதிப்பார்!

அந்தச் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டியவர் நோயாளி. வாரக் கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போனால், டாக்டரிடம் இவற்றைச் சொல்லிவிட வேண்டும்:

வீட்டில் ஆடு மாடு உண்டா? சமீபத்தில் பசு கன்று வீசியதா? அதற்குக் கை கொடுத்தவர் யார்? காய்ச்சாத பால் குடித்தது உண்டா? இறைச்சிக் கடையில், பால் பண்ணையில், கால்நடை ஆஸ்பத்திரியில் வேலையா?

இந்த ஒரு நிமிஷப் பேச்சு, பல மாதக் கஷ்டத்தை மிச்சப்படுத்தும்.

நோய் இதுதான் என்று தெரிந்துவிட்டால் மருந்து உண்டு. பெரும்பாலும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து, 6 வாரம் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்து வேறு. காய்ச்சல் விட்டுவிட்டது என்று பாதியில் நிறுத்தினால், கிருமி மறுபடியும் தலை தூக்கும்.

வராமல் தடுப்பது அதைவிட எளிது. பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துப்போகும். கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நாயும் காக்கையும் இழுத்துப் போகாதபடி, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

நம் நாட்டில் 2019-ம் ஆண்டில் இந்த நோயை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். 4 மாதம் முதல் 8 மாதம் வரை வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுவது அந்தத் திட்டம். ஆயுளுக்கு ஒரே ஊசி. ஊசிக்காரர் வரும்போது கன்றை ஒளித்து வைக்காமல் இருந்தால், மாட்டுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

ஆலிஸ் என்ன ஆனார்?

நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வாங்கிய ஆலிஸ் இவான்ஸ் என்ன ஆனார்?

அவர் படுத்துக்கொண்டே இருந்துவிடவில்லை. பசுவைக் கன்று வீச வைக்கும் கிருமியும், மால்டா ஆட்டின் கிருமியும் நெருங்கிய உறவு என்பதை அவர் 1918-ம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். பசும்பாலையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். பெரிய விஞ்ஞானிகளே நம்ப மறுத்தார்கள். பால் வியாபாரிகளுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் மற்ற ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது.

1928-ம் ஆண்டில் அமெரிக்கக் கிருமியியலார் சங்கம் அவரைத் தலைவராக்கியது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

அதே ஆண்டில் அவருக்கு ஓர் ஆபரேஷன் நடந்தது. அப்போது உடம்புக்குள் புண் இருப்பதைக் கண்டார்கள். அதில் இருந்து எடுத்ததை வளர்த்துப் பார்த்தார்கள்.

வளர்ந்தது, புருசெல்லா!

6 வருஷமாக அவர் பட்ட வேதனை மனக் கோளாறு அல்ல என்பதற்கு அன்றைக்குத்தான் சாட்சி கிடைத்தது. நோய் அதன் பிறகும் அவரை லேசில் விடவில்லை. ஏறத்தாழ 20 வருஷம் வந்து வந்து போயிற்று. ஆனாலும் அவர் 94 வயது வரை வாழ்ந்து, 1975-ம் ஆண்டில் மறைந்தார்.

ரத்தச் சோதனைக் காகிதத்தில் "இல்லை" என்று வந்திருக்கலாம். காய்ச்சலோ விடாமல் வந்துகொண்டிருக்கலாம். அந்த வீட்டில் யாராவது, "எல்லாம் பாசாங்கு, எழுந்து வேலையைப் பார்" என்று சொல்ல வாயெடுத்தால், ஆலிஸ் இவான்சை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த "இல்லை" என்பதற்குச் சில சமயம் "இன்னும் அகப்படவில்லை" என்றுதான் அர்த்தம்!